ஈட்டிப்புழையில் இரண்டு விசில்

ஈட்டிமூலை எஸ்டேட்,
மூன்றாம் நம்பர் லயம்,
தேவர்சோலை.
4-9-1979

தம்பி அழகையா,

நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். சொல்வது கோணல் இல்லை.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. நான் பீலிக்கரையில் துணி அடித்துக்கொண்டிருந்தேன். அணைத் திட்ட ஆபீஸ் ஜீப் வந்து பலாமரத்தடியில் நின்றது. ஒரு மேசையை இறக்கிப் போட்டார்கள். ஒருத்தன் விசிலை எடுத்து நீளமாக மூன்று தடவை ஊதினான். "ஃபேமிலி கார்டு நம்பர் வரிசையிலே வாங்க" என்று கூப்பிட்டான்.

அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் லயத்து வீடு அத்தனையும் காலியாகி வரிசையில் நின்றது. எதற்கு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்த கிழவனைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து அவன் நம்பர் வரும் இடத்தில் நிறுத்தினார்கள். நானும்தான். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெட்டியில் இருந்து கார்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பேச்சிக்குப் பின்னால் போய் நின்றேன். சிலோன் கப்பலில் வந்து இறங்கிக் கிடந்த மண்டபம் கேம்ப்பை விட்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. அங்கே மூன்றாவது விசிலுக்கு வரிசையில் இல்லாதவனுக்கு அன்றைக்கு அரிசி இல்லை. அந்தப் பயம் இன்னும் நம் காலில் இருக்கிறது.

மை டப்பாவில் கட்டை விரலை அமுக்கி அமுக்கிப் பேப்பரில் வைத்துக்கொண்டே போனார்கள். என் முறை வந்தபோதுதான் பார்த்தேன், பேப்பரின் மேல் பாதியை மடித்து வைத்திருந்தான்.

"என்னா பேப்பருங்க இது?"

"பேரு சரி பாக்குறோம்மா. ரேகையை வச்சிட்டு நகரு."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க. மடிச்சதை விரிங்க, வாசிச்சிட்டுப் போடுறேன்."

"பின்னாலே ஆளு நிக்குது பாரு. நீ பெரிய கலெக்டரா?"

நான் பேப்பரைப் பிடித்து இழுத்து விரித்தேன். எழுத்துக் கூட்டி சத்தமாகவே வாசித்தேன். ஈட்டிப்புழை ஆற்றில் அணை கட்டுவதற்கும், இரண்டாம், மூன்றாம் நம்பர் லயங்களும் காடும் தண்ணீருக்குள் போவதற்கும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் கலைந்து ஓடினார்கள். முன்னால் போனவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர், விரலில் மையோடு நின்றார்கள்.

மெட்ராஸில் இருந்து வந்த இஞ்சினியருக்கு மூன்று விசிலும் கார்டு நம்பரும் எப்படித் தெரியும்? மண்டபத்தில் அந்த வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும். அந்த ஆபீசில் வேலை பார்ப்பவர்களில் அப்படி நின்றவன் நீ ஒருத்தன்தான்.

போகும்போது அதே ஆள் நீ கொடுத்தாய் என்று என் கையில் ஒரு கவரைக் கொடுத்தான். அதில் இன்னொரு பேப்பர். "என் மகன் முத்துவேல் 21-7-79 அன்று வேலைக்குப் போகவில்லை. ஆற்றில் குளிக்கப் போன இடத்தில் தவறி விழுந்து இறந்தான்." அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறி உன்னுடையது. எனக்குத் தெரியும்.

உன் ஆபீசில் கூலிக்குப் போன என் பிள்ளையை மூன்றாம் நாள் மூங்கில் புதரில் இருந்து எடுத்து, மேலே கொண்டுவர முடியாமல் புழைக்கரை ஈட்டிமரத்தடியிலேயே புதைத்தோம். நீ வரவில்லை. பதினாறாம் நாளுக்குத் தாய்மாமன் கோடித்துணி வரவேண்டும். வரவில்லை. பேப்பர் மட்டும் வந்திருக்கிறது.

விசில் ஊதச் சொல்லிக் கொடுத்தது நீயா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

காத்தாயி


காந்தல், ஊட்டி.
11-9-1979

அன்புள்ள அக்காவுக்கு அழகையா எழுதுவது.

ஆமாம். நான்தான் சொன்னேன். நம் ஆட்கள் ஒழுங்காக நிற்கட்டும் என்று சொன்னேன். மடித்து வைக்கச் சொன்னது நான் இல்லை. என்னைக் கேட்டால் விரித்தே வைத்திருக்கலாம், யார் வாசிக்கப் போகிறார்கள்?

அக்கா, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசி. அணை வந்தால் ஐந்து வருஷத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு வேலை. நம் பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தூக்கித் தூக்கியே கூனிப் போக வேண்டுமா? கரண்டு இல்லாத லயத்தில் இருந்துகொண்டு கரண்டு வருவதை எதிர்க்கிறாய். லயத்தை அப்படியே விட்டுவிடப் போவதில்லை, மேட்டில் புது லயம் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னை அடுத்த மாதம் நிரந்தரம் பண்ணுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். என் பெண்டாட்டி தெய்வம்மாவுக்கு இந்தக் குளிரில் இழுப்பு விடுவதே இல்லை.

முத்துவேலைப் புதைத்த இடத்தை நினைத்துத்தான் நீ இப்படி நிற்கிறாய் என்று தெரிகிறது. மண் மூடிய இடத்தைத் தண்ணீர் மூடினால் என்ன குறைந்துவிடும்?

பேப்பர் விஷயம். அன்றைக்குச் சனிக்கிழமை. வேலைக்கு வந்தவர்கள் பேர் எழுதுகிற செக்ரோலில் அவன் பேர் இல்லை. ஆபீஸ் அதைத்தான் சொல்கிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உனக்கு ஆபீசில் பெருக்குகிற வேலை தருவார்கள். குனிந்து கொழுந்து எடுக்க வேண்டாம்.

பள்ளிக்கூட வாத்தியார் நெல்சனோடு சேர்ந்து நீ வீடு வீடாகப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். நாம் கப்பலில் வந்தவர்கள். நம் கார்டில் ஒருத்தன் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

பதினாறாம் நாள் எனக்குக் காய்ச்சல்.

உன் தம்பி
அழகையா


ஈட்டிமூலை
20-9-1979

அழகையா,

இந்தத் தடவை தம்பி என்று போடவில்லை. மறந்து விடவில்லை.

ஆடி மாதம் ஐந்தாம் தேதி. நாலு நாளாக விடாத மழை. கொழுந்து எடுக்க முடியாது என்று எங்களையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு என் பிள்ளை ஈட்டிப்புழையில் குளிக்கப் போனானா? விடியும்போது ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, டின்னில் வைத்துக் கொடுத்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டான். "ஆபீஸ் ஜீப்பு முக்குலே நிக்கும்மா, நேரமாச்சு" என்று ஒரு வாய் தேத்தண்ணியை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடினான். குளிக்கப் போகிறவன் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டின்னும் தூக்கிக்கொண்டா போவான்? அந்த டின் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. எங்கே அது?

தண்ணீர் மூடினால் என்ன என்று கேட்டாயே. இதை எழுத உனக்குக் கை கூசவில்லையா? மஸ்கெலியாவில் அணை கட்டினபோது இருபது வயதில் நீயும் சிமெண்டு மூட்டை தூக்கினாய். "அக்கா, லயத்துக்கு லைட்டு வருது" என்று குதித்தாய். வந்ததா? கம்பி நம் கூரைக்கு மேலேயே கொழும்புக்குப் போனது. என் மகள் செல்லக்கிளியைப் புதைத்த மேடு தண்ணீருக்குள் போனது. இரண்டு வயதுப் பிள்ளை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தெரிகிறது என்று ஆட்கள் பஸ் பிடித்துப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன். கோயில் தெரிந்தது. என் பிள்ளை மேடு தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தவன் நீ. மறந்துவிட்டாயா?

இங்கேயும் கம்பி போகிறது. பழைய பவர் ஹவுஸில் இருந்து எங்கள் தலைக்கு மேலே கீழ்நாட்டுக்குப் போகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து மண்ணெண்ணெய் விளக்குத் திரியை நான் திருகிக்கொண்டிருக்கிறேன். கரண்டு கரண்டு என்று எனக்குச் சொல்லாதே.

பெண் பிள்ளைகள் மூன்று என்று எழுதினாய். எனக்கு ஆணும் பெண்ணுமாக இரண்டு இருந்தது. இரண்டும் மண்ணில். ஒன்று ஏற்கெனவே தண்ணீருக்கு அடியில். இதையும் கொடு என்கிறாய்.

திங்கட்கிழமை நாங்கள் செய்ததை உன் ஆபீஸ் உனக்குச் சொல்லியிருக்கும். ரோட்டில் உட்கார்ந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று வாத்தியார் சொன்னார். அதனால் நாங்கள் உட்காரவில்லை. கொழுந்துக் கூடைகளைக் கழுவி, புழைக்குப் போகிற ரோட்டில் குறுக்கே நூற்று நாற்பது கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓரத்தில் நின்றோம். சர்வே ஜீப் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கிக் கத்தினான். முக்கில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சைனம்பு, "ஏத்திக்கோ சார். கூடை எஸ்டேட்டு சொத்தாக்கும். அம்பிட்டுக்கும் நீங்கதான் தொரைக்குப் பதில் சொல்லணும்" என்றாள். அப்புறம் போலீஸ் வந்தது. "என்னம்மா, மறியலா?" என்று அதட்டினார் ஏட்டையா. பேச்சி ஒரு எட்டு முன்னால் வந்து, "மறியலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லீங்க. கூடை காயப் போட்டிருக்கோம். மழை வந்தா எடுத்துக்குவோம்" என்றாள். போலீஸ்காரர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஜீப் திரும்பிப் போனது. மறுநாளும் காயப் போட்டோம்.

அந்தக் காட்டை நீ பார்த்திருக்கிறாய். அந்த ஈட்டிமரத்தை மூன்று பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாது. உச்சி வெயிலிலும் உள்ளே விளக்கு வேண்டும். அதை யாரும் நடவில்லை. வாத்தியார் அதற்கு ஆயிரம் வயது இரண்டாயிரம் வயது என்று சொல்கிறார். எனக்குக் கணக்குத் தெரியாது. தேன் எடுக்கிற காட்டுநாயக்கர் கேத்தன் சொன்னது எனக்குப் புரிந்தது. "எங்க அப்பன், அப்பனோட அப்பன் எல்லாம் இதுலேதான் இருக்கு. இதை முக்கிட்டு எங்களை எங்கே உக்காரச் சொல்லும்?" என்று கேட்டான். உன் ஆபீசுக்காரர்கள் அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவன் பேர் எந்தக் கார்டிலும் இல்லையாம்.

கேத்தன் இன்னொன்றும் சொன்னான். ஆடி ஐந்தாம் தேதி அவன் அக்கரையில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தானாம்.

"விசில் ஒண்ணு கேட்டது, தாயி. உன் மோன் கல்லுமேலே நின்னு என்னமோ கத்தினான். கொறச்சு நேரம் கழிச்சுத் திரும்ப ஒரு விசில். திரும்பவும் கத்தினான். பின்னே பாத்தா கல்லு மட்டும்தான் இருந்தது."

விசில் ஊதினவன் மூங்கிலுக்குப் பின்னால் நின்றதால் கேத்தனுக்கு முகம் தெரியவில்லையாம்.

என் பிள்ளை என்ன கத்தினான்? யாருக்குக் கத்தினான்? கரையில் நின்றவன் யார்? நீ அந்த ஆபீசில்தானே இருக்கிறாய். கேட்டு எழுது.

காத்தாயி


காந்தல்
29-9-1979

அக்கா,

நடந்தது நடந்துவிட்டது. அதைக் கிளறி என்ன ஆகப் போகிறது? கேத்தன் பேச்சை ஒரு பேச்சென்று எடுத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கிறாய். அந்த மழையில் அக்கரையில் நின்றவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? எனக்கே முத்துவேலுடைய மஞ்சள் சட்டை மட்டும்தான் தெரிந்தது.

கூடை வேலையெல்லாம் வேண்டாம். மேலே ரொம்பக் கோபமாக இருக்கிறார்கள். அக்டோபர் 15-ம் தேதி தேவர்சோலைப் பள்ளிக்கூடத்தில் ஆர்.டி.ஓ. விசாரணை வைத்திருக்கிறார்கள். அணை வேண்டும், வேண்டாம் என்பவர்கள் வந்து சொல்லலாமாம். ரேகை வைத்த பட்டியலை அன்றைக்கு ஆபீஸ் கொடுத்துவிடும். அதோடு முடிந்தது. நீ அங்கே வராதே. வந்தாலும் முத்துவேல் பேச்சை எடுக்காதே. உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. தெய்வம்மா திட்டுகிறாள்.

அழகையா


ஈட்டிமூலை
4-10-1979

அழகையா,

மஞ்சள் சட்டை.

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் எனக்கு ஒரு எழுத்தும் தப்பாது.

அந்தச் சட்டை ஆடிப் பிறப்புக்கு நான் கூடலூர்ச் சந்தையில் எடுத்தது. பிள்ளை அதை முதல் தடவையாக அன்றைக்குத்தான் போட்டான். நல்ல சட்டையை மழையில் போடாதேடா என்றேன். கேட்கவில்லை. அது மஞ்சள் என்று இந்த லயத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாது. பிள்ளையை வெளியே எடுத்தபோது அது முழுக்கச் சேறு.

நீ அங்கே இருந்தாய். நீ கரையில் இருந்தாய். என் பிள்ளை உன்னைப் பார்த்துக்கொண்டுதான் கத்தினான்.

இரண்டரை மாதம். இரண்டரை மாதமாக நான் மலையைப் பார்த்து, மழையைப் பார்த்து, சாமியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். என் வாயில் மண். காய்ச்சலாம். காய்ச்சல் வந்தவன் பென்சிலால் குறி போட்டு அனுப்பினானா, அக்கா இங்கே கையெழுத்துப் போடு என்று?

என்ன நடந்தது என்று நீயே உன் கையால் எழுது. அழகு பண்ணாமல் எழுது. எழுதவில்லை என்றால் பதினைந்தாம் தேதி அந்தப் பள்ளிக்கூடத்தில், அத்தனை பேர் நடுவில், என் கூடப் பிறந்தவன் பேரைச் சொல்லி மண்ணை வாரி இறைப்பேன். நான் சொன்னால் செய்வேன். உனக்குத் தெரியும்.

காத்தாயி


காந்தல்
10-10-1979

அக்காவுக்கு,

எழுதுகிறேன்.

புழையில் ஒரு கம்பம் நட்டிருக்கிறது. அடிக்கணக்கில் கோடு போட்ட கம்பம். வெள்ளம் எந்தக் கோடு வரைக்கும் ஏறுகிறது என்று பார்த்துத்தான் அணையின் உயரத்தை முடிவு செய்வார்கள். மழை நன்றாகப் பிடித்த நாளின் அளவுதான் வேண்டும். அந்த அளவு இல்லாமல் ஜூலையில் மேலே ரிப்போர்ட் போகாது என்று இஞ்சினியர் கத்திக்கொண்டிருந்தார். அதனால்தான் சனிக்கிழமையும் போனோம். செக்ரோல் எழுதுகிறவன் லீவு. முத்துவேல் பேரை எழுத ஆள் இல்லை. அவ்வளவுதான் அந்தச் செக்ரோல் கதை.

மழையில் கரையில் இருந்து கோடு தெரியாது. பக்கத்துக் கல்லில் ஏறி நின்று பார்த்துக் கத்த வேண்டும். கத்துவதைக் கரையில் இருப்பவன் நோட்டில் எழுத வேண்டும். ஒரு விசில் ஊதினால், பார்த்துச் சொல் என்று அர்த்தம். இரண்டு விசில் ஊதினால், விட்டுவிட்டு மேலே வா என்று அர்த்தம்.

முத்துவேல் கல்லில் ஏறினான். நான் ஒரு விசில் ஊதினேன். பதினாறு அடி என்று கத்தினான். எழுதினேன். ஒரு தடவை பார்த்ததை ஆபீசில் ஏற்க மாட்டார்கள். கால் மணி நேரம் விட்டு இரண்டாவது தடவை பார்த்தால்தான் செல்லும். அதுதான் ரூல். அந்தக் கால் மணி நேரமும் தண்ணீர் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இரண்டு விசிலுக்காகப் பார்த்தான் அக்கா. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விசில் ஊதினேன்.

பதினெட்டே கால் என்று கத்தினான். குனிந்து எழுதினேன். நிமிர்ந்தபோது கல் மட்டும் இருந்தது.

கயிறு ஜீப்பில் இருந்தது. கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. நனைந்தால் கனக்கும் என்று நினைத்தேன்.

அந்தப் பதினெட்டே காலை வைத்துத்தான் அணைக்கு உயரம் போட்டிருக்கிறார்கள். அந்த உயரத்துக்குத்தான் உன் லயமும், அவன் மேடும், கேத்தன் காடும் உள்ளே போகிறது.

உன்னிடம் வர எனக்குக் கால் வரவில்லை. ஜீப்பில் அவன் டின் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். ரொட்டியை மூன்றாம் நாள் எறிந்தேன். டின்னை எறிய முடியவில்லை.

சைனம்பு மகன் அயூப் ஊட்டிக் காய்கறி லாரியோடு வருகிறான். அவன் கையில் டின்னைக் கொடுத்து அனுப்புகிறேன். உள்ளே அந்த நோட்டுத் தாள் இருக்கிறது. ஆபீஸ் நோட்டில் இருந்து கிழித்துவிட்டேன். தேதி, மணி, இரண்டு அளவு, "கம்பம் பார்த்தது: முத்துவேல்", கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே இஞ்சினியர் கையெழுத்து. அந்த விசிலும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்க முடியவில்லை.

பதினைந்தாம் தேதி நான் வரமாட்டேன். உன் முகத்துக்கு நேரே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. என்னைத் திட்டுவதாக இருந்தால் திட்டு. அதற்கு நான் உரியவன்.

அழகையா


ஈட்டிமூலை
17-10-1979

அழகையா,

டின் வந்தது. மூடியைத் திறக்க எனக்கு ஒரு நாள் ஆனது. சோப்புப் போட்டுக் கழுவி அனுப்பியிருக்கிறாய். எதற்குக் கழுவினாய்? அதில் என் பிள்ளை கை பட்டிருக்கும்.

பதினைந்தாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். நீ ஒளிந்துகொண்டதால் உனக்குத் தெரிந்திருக்காது.

பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். தேவர்சோலைக் கடைக்காரர்கள், சிறு தோட்டக்காரர்கள், காட்டுநாயக்கர், நம் ஆட்கள். உன் இஞ்சினியர் ரேகைப் பட்டியலை ஆர்.டி.ஓ. முன்னால் வைத்து, ஜனங்களே சம்மதித்துவிட்டார்கள் என்று அரை மணி நேரம் பேசினார். அணையினால் ஒரு உயிருக்கும் சேதம் வராது என்றார். நான் எழுந்தேன்.

"ஒரு உயிரு ஏற்கெனவே போயிருச்சுங்க. எம் மகன்."

ஆர்.டி.ஓ. பேப்பரைப் புரட்டினார். "அம்மா, உங்க மகன் அன்னைக்கு டியூட்டியிலே இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கே. குளிக்கப் போனதா போட்டிருக்கு."

நான் டின்னைத் திறந்து தாளை எடுத்து மேசையில் வைத்தேன். இஞ்சினியர் குதித்து எழுந்தார். "சார், இது ஆபீஸ் சொத்து! எங்க நோட்டுத் தாள் இந்தப் பொம்பளை கைக்கு எப்படி வந்துச்சு?"

ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "அப்ப இது உங்க நோட்டுத் தாள்தான். கையெழுத்தும் உங்களோடதுதான். இல்லையா?"

அந்த ஆள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் இருந்து சைனம்பு, "தானே பறஞ்சு மாட்டிக்கிட்டாரு பாவம்" என்றாள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை தொண்டை கிழியக் கத்தின நம்பர் அந்தத் தாளில் இருந்தது. அந்த நம்பரை மட்டும் மெட்ராஸ் வரைக்கும் கொண்டு போனார்கள். கத்தினவனைக் குளிக்கப் போனவன் ஆக்கினார்கள்.

அப்புறம் வெளியே வந்து உன் விசிலை எடுத்து மூன்று தடவை ஊதினேன்.

ஊதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. நம் ஆட்களை இந்தச் சத்தத்தால் மேய்த்தவர்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் அதற்கு முன்னால் இரண்டு நாள் வீடு வீடாகப் போய், எதற்கு ஊதப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பேப்பரையும் விரித்தே வைத்திருந்தோம். வாத்தியார் எழுதி, இரண்டு தடவை சத்தமாக வாசித்தும் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு பேரும் கார்டு நம்பர் வரிசையில் நின்றார்கள். ஒரு ஆள் முந்தவில்லை. ஒவ்வொருத்தராக ஆர்.டி.ஓ. முன்னால் போய், நம்பரைச் சொல்லி, "எங்களை ஏமாத்தி வாங்கின ரேகை. எனக்கு அணை வேணாமுங்க" என்று சொல்லி, புதுப் பேப்பரில் ரேகை வைத்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. "போதும்மா, புரிஞ்சிருச்சு" என்று அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பேச்சி, "எங்களை மண்டபத்துலே போதும்னு யாரும் சொல்லலீங்களே, கடைசி ஆளு வரைக்கும் நிக்க வச்சாங்க" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கேத்தன் கார்டு இல்லாமலே வந்து நின்றான். அவன் ரேகையையும் வாங்கினார்.

பழைய பட்டியல் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்துவேல் சாவை மறுபடி விசாரிக்க வேண்டும், அதுவரைக்கும் புழையில் சர்வே கூடாது என்று எழுதினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே, வேறு பேரில் வேறு ஜீப்பில் திரும்ப வருவார்கள் என்று வாத்தியார் சொல்கிறார். வரட்டும். ரோட்டு முக்கில் ஒரு கொட்டகை போட்டிருக்கிறோம். முறை வைத்து உட்காருகிறோம். கூடை இருக்கிறது.

உன்னை ஆபீஸ் வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள் என்று தெய்வம்மா அயூப்பிடம் சொல்லி அனுப்பினாள். நான் அதற்கு அழப் போவதில்லை. பிள்ளைகளை நினைத்தால் மட்டும் மனசு கேட்கவில்லை. பசி என்றால் இங்கே வரச் சொல். ரொட்டி சுடுவதற்கு எனக்குக் கை இருக்கிறது, தின்பதற்குத்தான் ஆள் இல்லை.

உன் மேல் இருக்கிற கோபம் எனக்குப் போகவில்லை. போகும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தாளைக் கிழித்து அனுப்பினதால் சரியாகிவிட்டது என்று நீ நினைத்தால், இல்லை. அந்தக் கால் மணி நேரம் அப்படியே இருக்கிறது. என் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அங்கேதான் நிற்கிறான்.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது தாய்மாமன் வேலை, வேறு ஆளை வைத்துச் செய்ய முடியாது.

வருகிற ஆடி ஐந்தாம் தேதி வருஷத் திதி. மழை எப்படிப் பெய்தாலும் வா. கோடித்துணி கொண்டு வா. மஞ்சள் வேண்டாம், வெள்ளை. அவன் நின்ற கல்லில் நீ ஏறி, அந்தத் துணியை அங்கே வைக்க வேண்டும். தண்ணீர் ஏறியிருக்கும். உனக்குப் பயமாக இருக்கும். இருக்கட்டும். கயிற்றை நானே உன் இடுப்பில் கட்டுவேன். அடுத்த முனையை ஈட்டிமரத்தில் கட்டுவேன்.

கம்பத்தைப் பார்க்காதே. எந்த நம்பரும் கத்தாதே. எனக்கு நம்பர் வேண்டாம்.

நான் கரையில் நிற்பேன். விசில் என்னிடம் இருக்கிறது. நீ துணியை வைத்ததும் இரண்டு தடவை ஊதுவேன்.

மேலே வந்துவிடு.

உன் அக்கா
காத்தாயி